எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு: ஞாயிறு முதல் கடை உண்டா, இல்லையா?

பெரம்பூர், சென்னை

வெள்ளி, 24 ஏப்ரல் 2020

மீனாட்சி அக்கா, மாலை 6.42
ஞாயிற்றுக்கிழமை முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று தொலைக்காட்சியில் ஓடுகிறது. ஒரு மாதமாகக் கொரோனா ஊரடங்கில்தானே இருக்கிறோம்? இதில் முழு ஊரடங்கு என்றால் என்ன? பால் வருமா? யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

குமார், மாலை 6.44
சேலத்திலிருந்து என் தங்கை பேசினாள். மூன்று நாள்தான் என்கிறாள். இங்கே நான்கு என்கிறார்கள். எது சரி?

சுந்தரம் ஐயா, மாலை 6.51
🔊 குரல் பதிவு (அனுப்பப்பட்டது பலமுறை)

சுந்தரம் ஐயா, மாலை 6.52
இதைக் கேளுங்கள். நான்கு நாளும் பால், தண்ணீர் எதுவும் கிடையாதாம். ராணுவம் இறங்குகிறதாம். என் மனைவிக்கு இன்சுலின் வாங்க வேண்டும். கை நடுங்குகிறது.

கௌரி, மாலை 7.10
ஐயா, பயப்படாதீர்கள். முதல்வர் அறிக்கையை முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26ஆம் தேதி ஞாயிறு காலை 6 மணி முதல் 29ஆம் தேதி புதன் இரவு 9 மணி வரை. சேலம், திருப்பூரில் 28ஆம் தேதி செவ்வாய் இரவு 9 மணி வரை. குமார், உங்கள் தங்கை சொன்னதும் சரி, இங்கே சொல்வதும் சரி.

மளிகைக் கடை, காய்கறிக் கடை எதுவும் திறக்காது. இதுவரை காலை 6 முதல் பகல் 1 மணி வரை திறந்திருந்ததே, அதுவும் கிடையாது. மருத்துவமனை, மருந்துக் கடை, ஆம்புலன்ஸ் உண்டு. அம்மா உணவகம் உண்டு. ஏ.டி.எம். உண்டு. காய்கறி, பழம் வண்டியில் தெருவுக்கே வந்து விற்கலாம். கோயம்பேடு சந்தை கட்டுப்பாடுகளோடு நடக்கும். இயங்கும் துறைகளின் பட்டியலில் மின்சாரம், குடிநீர், ஆவின் எல்லாம் இருக்கின்றன. பாலுக்குத் தடை இல்லை. ராணுவம் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஐயா, அந்தக் குரல் பதிவை நீக்கிவிடுங்கள். உங்கள் மீது குறை சொல்லவில்லை. உங்களுக்கு வந்த பயம் அடுத்த வீட்டுக்கும் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுந்தரம் ஐயா, மாலை 7.15
நீக்கிவிட்டேன் அம்மா. மருந்துக் கடை உண்டு என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

மீனாட்சி அக்கா, மாலை 7.21
அப்படியானால் கடைக்குப் போக நாளை ஒரு நாள்தான். பகல் 1 மணிக்குள். இந்தச் சென்னை முழுவதும் நாளை காலையில் கடை வாசலில்தான் நிற்கும்.

சனி, 25 ஏப்ரல் 2020

இப்ராஹிம் பாய், காலை 6.20
விடியலுக்கு முன் சஹர் உணவை முடித்து, தொழுதுவிட்டு நேரே கடைக்கு வந்துவிட்டேன். இன்று ரமலானின் முதல் நோன்பு. எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். பிளீச்சிங் பவுடரில் போட்டிருந்த வட்டங்கள் காலடியில் தேய்ந்து போய்விட்டன. ஒரு வட்டத்துக்கு மூன்று பேர். சிலர் பையை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் வர வேண்டாம். என்ன வேண்டும் என்று எழுதுங்கள், முடிந்ததை வாங்கி வருகிறேன்.

மீனாட்சி அக்கா, காலை 6.24
பாய், நீங்கள் நோன்பு. இந்த வெயிலில் எங்களுக்காக நிற்கக் கூடாது.

இப்ராஹிம் பாய், காலை 6.26
எப்படியும் நிற்கத்தானே போகிறேன் அம்மா. ஒருவர் நின்றால் ஐந்து பேர் வரத் தேவையில்லை. எழுதுங்கள்.

சுந்தரம் ஐயா, காலை 6.31
துவரம் பருப்பு அரைக் கிலோ. என் மனைவிக்குக் கோதுமை ரவை ஒரு கிலோ. சர்க்கரை நோய்க்கு அதுதான் இரவுச் சாப்பாடு.

செந்தில், காலை 7.48
எல்லோருக்கும் ஒரு சந்தேகம். கடைகளைத் திறக்க மத்திய அரசு அனுமதி என்று காலையிலிருந்து எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடுகிறது. நேற்று நள்ளிரவு உத்தரவாம். பதிவு பெற்ற கடைகள், பாதிப் பணியாளர்களோடு, முகக்கவசத்தோடு திறக்கலாமாம். என் தையல் கடை பதிவு பெற்றதுதான். திறக்கலாமா கௌரி அக்கா? போன மாதம் 24ஆம் தேதி மாலை இறக்கிய ஷட்டர். உள்ளே கொக்கி வைக்காத ரவிக்கைகள் பதினான்கு கிடக்கின்றன. எல்லாம் ஒரே கல்யாண வீட்டுத் துணி.

குமார், காலை 7.52
நானும் பார்த்தேன். மத்திய அரசு திற என்கிறது, மாநில அரசு நாளை முதல் மூடு என்கிறது. ஒரே திரையில் மேலே ஒரு செய்தி, கீழே ஒரு செய்தி.

கௌரி, காலை 8.15
செந்தில், இப்போது திறக்காதே. மனம் கேட்கவில்லை என்றாலும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஊரடங்கு 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. மத்திய உள்துறை போட்ட கட்டுப்பாட்டை மாநிலம் தளர்த்த முடியாது, ஆனால் இன்னும் கடுமையாக்கலாம். மே 3 வரை தளர்வு இல்லை என்று தமிழக அரசு 20ஆம் தேதியே சொல்லிவிட்டது. நேற்றைய மத்திய உத்தரவு தளர்வு. நம் ஊருக்கு அது இன்னும் வரவில்லை. மாநிலத்தின் முழு ஊரடங்கு அறிவிப்பும் மத்திய உத்தரவும் ஒரே இரவில் வந்ததால்தான் இந்தக் குழப்பம். “அனுமதி” என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள், அதன் கீழே “மாநில அரசு ஏற்றால்” என்று ஒரு வரி போட்டிருந்தால் இன்று எத்தனையோ பேர் ஷட்டரைத் தூக்கிவிட்டு அபராதம் கட்ட மாட்டார்கள்.

செந்தில், காலை 8.19
சரி அக்கா. சாவியை எடுத்து வைத்திருந்தேன். மாட்டிவிட்டேன்.

இப்ராஹிம் பாய், காலை 9.35
கடை வாசலுக்கு வந்துவிட்டேன். கடைக்காரர் குறுக்கே கயிறு கட்டி, பொருள் எழுதிய சீட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறார். துவரம் பருப்பு ஆளுக்கு அரைக் கிலோதான். கோதுமை ரவை தீர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் ஒருவர் மூன்று மூட்டை அரிசி ஆட்டோவில் ஏற்றினார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மா கையில் ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று. அதை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தார். எண்ணெய் கால் லிட்டர் கேட்டார். பாக்கெட்டாகத்தான் இருக்கிறது, பிரித்துத் தர இன்று நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்ராஹிம் பாய், காலை 9.36
கடைக்காரரையும் குறை சொல்ல முடியவில்லை. மூன்று மணி நேரமாக அவர் உட்காரவே இல்லை.

வள்ளி, காலை 10.05
அக்கா, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நான் வேலை செய்யும் இரண்டு வீட்டிலும் மார்ச் மாதத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் இந்த மாதமும் சம்பளம் தந்தார்கள். இப்போது அந்த வீட்டுப் பெரியவர் விழுந்துவிட்டார், வந்து கூட இரு என்று கூப்பிடுகிறார்கள். நாளை நான் போகலாமா? போலீஸ் கேட்டால் என்ன சொல்வது? அலுவலகம் போகிறவர்களுக்கு அட்டை இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது?

கௌரி, காலை 10.20
வள்ளி, அறிக்கையை இரண்டாம் முறையும் படித்துப் பார்த்தேன். மருத்துவமனை, வங்கி, மின்வாரியம் என்று ஒவ்வொன்றும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பத்துறையினர் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்கள் என்ற சொல் என் கண்ணில் படவில்லை. அதனால் நாளை முதல் புதன் வரை நீ போக வேண்டாம். வழியில் நிறுத்தினால் உனக்காகப் பேச அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வீட்டு எண்ணைக் கொடு, நானே பேசுகிறேன். பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகத் தடை இல்லை என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டும்.

குமார், பகல் 12.28
புதிய செய்தி. இன்று மட்டும் கடைகள் 3 மணி வரை திறந்திருக்கலாம் என்று அரசு அறிவித்திருக்கிறது. உண்மைதான், இரண்டு தொலைக்காட்சியில் பார்த்துவிட்டேன்.

மீனாட்சி அக்கா, பகல் 1.12
குமார், 3 மணி என்றீர்களே என்று நம்பி இப்போதுதான் கிளம்பினேன். கடையில் பாதி ஷட்டர் இறங்கிவிட்டது. ரோந்து வந்த காவலர் ஒரு மணிக்கு மூடச் சொன்னாராம். அவருக்கு இன்னும் தகவல் வரவில்லையாம். கைபேசியில் செய்தியைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், பார்த்துவிட்டு யாரையோ அழைத்துக் கேட்டார். பிறகு திறக்கச் சொன்னார். ஆனால் கடையில் உப்பும் சோப்பும்தான் மிச்சம்.

கௌரி, இரவு 9.05
பகல் முழுவதும் பொறுத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

நோய் பரவுகிறது, கூட்டம் கூடக் கூடாது, அதனால் மூடுகிறார்கள். அந்த முடிவை நான் மறுக்கவில்லை. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவு முதல் நாடே மூடியது. அன்றும் கடைகளில் முண்டியடித்தார்கள். ஒரு மாதம் கழித்தும் அதே பாடம்தான். வெள்ளிக்கிழமை மாலையில் அறிவித்து, சனிக்கிழமை ஒரு மணிக்குள் நான்கு நாளைக்கு வாங்கிக்கொள் என்றால், எந்தக் கூட்டத்தைத் தடுக்க நினைத்தார்களோ அந்தக் கூட்டத்தை அவர்களே கூட்டியதாகத்தான் ஆகிறது. நேரத்தை நீட்டித்தார்கள், அதுவும் பகலில். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருந்தால் பாதிப் பேர் மதியம் வந்திருப்பார்கள்.

பாய் எழுதிய அந்த ஐம்பது ரூபாய் அம்மா என் மனத்தை விட்டுப் போகவில்லை. நான்கு நாள் பொருளை ஒரே நாளில் வாங்க, நான்கு நாள் பணம் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரியான எனக்கு அது இருக்கிறது. அன்றாடக் கூலிக்கு எங்கே இருக்கும்?

நம் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். யார் வீட்டில் என்ன குறைகிறது என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். என்னிடம் ஐந்து கிலோ அரிசி கூடுதலாக இருக்கிறது.

இப்ராஹிம் பாய், இரவு 9.14
நோன்புக் கஞ்சி தினமும் மாலையில் காய்ச்சுகிறோம். பள்ளிவாசலுக்குப் போக முடியாததால் எல்லாம் வீட்டிலேயே. ஆறு பேருக்குக் கூடுதலாக ஊற்றச் சொல்லிவிட்டேன். பாத்திரத்தை வாசலில் வைத்தால் போதும்.

செந்தில், இரவு 9.20
எங்கள் வீட்டில் பருப்பு இல்லை அக்கா. எழுதிவிட்டேன்.

மீனாட்சி அக்கா, இரவு 9.22
என்னிடம் பாசிப்பருப்பு ஒரு கிலோ இருக்கிறது செந்தில். பாதி உனக்கு.

ஞாயிறு, 26 ஏப்ரல் 2020

குமார், காலை 7.40
பணிக்குப் போகிறேன். முரசொலிமாறன் பாலத்தில் அட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். சாலையில் ஒரு ஆள் இல்லை. சிக்னல் விளக்கு மட்டும் மாறி மாறி எரிகிறது.

மீனாட்சி அக்கா, காலை 10.30
காய்கறி வண்டி தெருமுனைக்கு வந்திருக்கிறது. இரண்டு இரண்டு பேராக இறங்குங்கள். தக்காளியும் கத்தரிக்காயும் நன்றாக இருக்கின்றன.

திங்கள், 27 ஏப்ரல் 2020

வள்ளி, காலை 8.02
அக்கா, நீங்கள் இன்று வங்கிக்குப் போகிறீர்களா? என் ஜன்தன் கணக்கில் 500 ரூபாய் வந்திருக்கிறது. எடுக்காவிட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று பக்கத்துத் தெருவில் சொல்கிறார்கள். அதற்காக எங்கள் வரிசை வீட்டிலிருந்து நான்கு பேர் இப்போது கிளம்புகிறார்கள். நானும் போகட்டுமா?

கௌரி, காலை 8.06
போக வேண்டாம். அவர்களையும் நிறுத்து, ஓடிப்போய் நிறுத்து. பணம் திரும்பப் போகாது. அது உன் கணக்கு, உன் பணம். எப்போது எடுத்தாலும் இருக்கும். பெண்களின் ஜன்தன் கணக்குக்கு ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று மாதம் 500 ரூபாய் வீதம் வரும். அவசரமாகத் தேவை என்றால் ரூபே அட்டையால் ஏ.டி.எம்.மில் எடு. இன்று வங்கியில் 33 சதவீதப் பணியாளர்கள்தான். நான் அந்த மூன்றில் ஒருத்தி, அதனால்தான் போகிறேன். வாசலில் வரிசை நின்றால் எங்களாலும் சமாளிக்க முடியாது.

வள்ளி, காலை 8.17
நிறுத்திவிட்டேன் அக்கா. ஒருவர் மட்டும் நம்பவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். திரும்பிவிட்டார்.

கௌரி, மாலை 6.50
வந்துவிட்டேன். வங்கி வாசலில் இன்று நூறு பேருக்கு மேல். பாதிப் பேர் அதே வதந்தியைக் கேட்டு வந்தவர்கள். தொண்டை வலிக்க அதையே சொன்னேன். வயதான ஒருவர், “அப்படியானால் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தாயே” என்றார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

புதன், 29 ஏப்ரல் 2020

கௌரி, மாலை 7.30
நாளை வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் கடைகள் காலை 6 முதல் மாலை 5 மணி வரை. வெள்ளி முதல் பழையபடி பகல் 1 மணி வரை. இந்த முறை நேரம் இருக்கிறது. சனிக்கிழமை போல ஆக வேண்டாம். கடைக்காரரிடம் பேசிவிட்டேன், நம் தெருவுக்குச் சீட்டு முறைக்குச் சம்மதித்திருக்கிறார். அரை மணிக்கு இரண்டு வீடு. வாரக் கடைசியில் வாங்க முடியாமல் போனவர்களுக்கு முதல் நேரம். வள்ளி 6 மணி. செந்தில் 6 மணி. மீனாட்சி அக்கா 6.30. நான் கடைசி.

வள்ளி, மாலை 7.41
நான் போகும்போது சுந்தரம் ஐயாவுக்கும் சேர்த்து வாங்கி வருகிறேன். ஐயா வெளியே வர வேண்டாம். அம்மாவுக்கு ரவை எவ்வளவு வேண்டும்?

சுந்தரம் ஐயா, மாலை 7.49
கோதுமை ரவை ஒரு கிலோ அம்மா. பணத்தைத் திண்ணையில் டம்ளருக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ வரும்போது காபி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன், வாசலிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போ.