கேம்பிங் ட்ரெய்லர் ஒயரிங்: ஒயர் சூடாகிறது, எத்தனை ஆம்ப் ஃப்யூஸ்? (அவசரம்)

டப்பாவண்டி | வியாழன் இரவு 10.42

வணக்கம். பொலிரோவுக்குப் பின்னால் இழுக்கிற மாதிரி சின்ன கேம்பிங் ட்ரெய்லர் ஒன்று நானே செய்திருக்கிறேன். லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் நன்றாக ஓடுகிறது. கெட்டில் போட்டால் மட்டும் ஒயர் சூடாகிறது, ஒரு வாடை வேறு. இன்வெர்ட்டர் கீகீ என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. 30 ஆம்ப் ஃப்யூஸ் இரண்டு முறை போய்விட்டது. எத்தனை ஆம்ப் போட்டால் நிற்கும்? சனிக்கிழமை விடியற்காலை வால்பாறை கிளம்புகிறோம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பேனல்போர்டு | இரவு 10.55

என்ன பேட்டரி, எத்தனை ஏஎச் (ஆம்ப்-அவர், அதாவது கொள்ளளவு)? இன்வெர்ட்டர் எத்தனை விஏ? பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வரை எத்தனை அடி, எத்தனை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர்? கெட்டில் எத்தனை வாட்? எந்த ஒயர் சூடாகிறது, பேட்டரிப் பக்கமா, 230 வோல்ட் பக்கமா? இது எதுவுமே தெரியாமல் ஃப்யூஸ் சொல்ல முடியாது.

லித்தியம்தாசன் | இரவு 11.03

கண்டிப்பாக லெட் ஆசிட் பேட்டரியாகத்தான் இருக்கும். லோடு போட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) 100 ஏஎச் ஒன்று வாங்கிப் போடுங்கள், பாதி எடை, கெட்டில் சும்மா கொதிக்கும். நான் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை.

ஓம்விதி | இரவு 11.10

மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கணக்குப் போடாமல் ஒயர் இழுத்தவர் ட்ரெய்லர் கட்டியிருக்கிறார். ஃப்யூஸ் எரிகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

டப்பாவண்டி | இரவு 11.31

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த 150 ஏஎச் ட்யூபுலர் லெட் ஆசிட் பேட்டரி, பெட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டர் 1000 விஏ, பின்பக்கம் கிச்சனில். நடுவில் பத்தடி. வீட்டு ஒயரிங்கில் மிச்சமான 4 ஸ்கொயர் ஒயர், ப்ளைவுட்டுக்குள் போகிறது. அதுதான் சூடாகிறது. கெட்டில் சின்னதுதான், 600 வாட். ஃப்யூஸ் தீர்ந்துவிட்டதால் இப்போதைக்கு ஃப்யூஸ் மாட்டுகிற கேரியரில் இரண்டு இழை செம்புக் கம்பி சுற்றியிருக்கிறேன்.

அப்புறம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போன மாதம் ஒரு ஹோம்ஸ்டேயில் வெளியிலிருந்து கரண்ட் எடுத்தபோது, அலுமினிய ஷீட்டைத் தொட்டால் ஜிவ்வென்றது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பேனல்போர்டு | இரவு 11.40

முதலில் எழுந்து போய் அந்தச் செம்புக் கம்பியைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

600 வாட் கெட்டில், இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 60 ஆம்ப் இழுக்கும். 230 வோல்ட்டில் 600 வாட் என்பது மூன்று ஆம்ப்கூட இல்லை. 12 வோல்ட்டில் அது வேறு கதை. பத்தடி என்றால் போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர், ஆக ஆறு மீட்டர். 4 ஸ்கொயர் செம்புக்கு அந்த நீளத்தில் ரெசிஸ்டன்ஸ் 0.026 ஓம் வரும். 60 ஆம்ப்பில் ஒன்றரை வோல்ட் ஒயரிலேயே போய்விடுகிறது. பேட்டரி லோடில் 12.2 காட்டினால் இன்வெர்ட்டருக்குக் கிடைப்பது 10.7. அதனால்தான் கத்துகிறது. பேட்டரி மேல் குற்றமில்லை.

அந்த ஒன்றரை வோல்ட் எங்கே போகிறது? சூடாகத்தான். கிட்டத்தட்ட 93 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ப்ளைவுட்டுக்குள் வைத்து ஆணி அடித்துவிட்டு அதன் பக்கத்தில் படுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வருகிற வாடை பிவிசி வாடை.

ஓம்விதி | இரவு 11.44

இதைத்தானே நானும் சொன்னேன்.

கரண்ட்டுமாமா | வெள்ளி காலை 6.05

தம்பி, முப்பது வருஷம் லைன் வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஷாக் அடிப்பதுதான் பெரிய விஷயம், ஃப்யூஸ் அப்புறம். அந்த ஹோம்ஸ்டே பாயின்ட்டில் எர்த் இருந்ததா? மூன்று பின் பிளக்கா, இல்லை ரெண்டு பின் அடாப்டர் போட்டு எடுத்தீர்களா?

டப்பாவண்டி | காலை 6.50

அடாப்டர்தான் மாமா. செம்புக் கம்பியை எடுத்துவிட்டேன். ஆபீஸ் கிளம்புகிறேன், சாயங்காலம் பார்க்கிறேன்.

கரண்ட்டுமாமா | காலை 7.12

நினைத்தேன். ரெண்டு பின் அடாப்டர் போட்டதும் எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. வண்டி ரப்பர் டயர் மேல் நிற்கிறது, பாடி அந்தரத்தில் தொங்குகிறது. லேப்டாப் சார்ஜர், பேட்டரி சார்ஜர் எல்லாம் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கசியும். அது போக வழியில்லாமல் பாடியில் உட்கார்ந்திருக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். அது ஜிவ்வோடு போனது உங்கள் நல்ல நேரம். ஏதாவது ஒரு ஃபேஸ் ஒயர் உரசி ஷீட்டில் பட்டிருந்தால், கீழே ஈரப் புல், வெறுங்கால், கதை முடிந்தது. சேஸிலிருந்து எர்த் ஒயர் கட்டாயம் வேண்டும். எர்த் இல்லாமல் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் ஸ்விட்ச்) போட்டும் பிரயோஜனமில்லை, அது வேலை செய்யாது.

ஓம்விதி | காலை 8.20

கடைசி வரி தப்பு. ஆர்சிசிபி பார்ப்பது ஃபேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்பியதா என்பதை மட்டும்தான். வித்தியாசம் 30 மில்லிஆம்ப்பைத் தொடுவதற்குள் ட்ரிப் ஆகும். அதற்குள் எர்த் ஒயரே போவதில்லை. முப்பது வருஷம் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கரண்ட்டுமாமா | காலை 8.41

தெரியும் சார். எர்த் இருந்தால் கசிவு வந்த நொடியே அது ட்ரிப் ஆகும், யாரும் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லையென்றால் கரண்ட் எந்த வழியாகப் பூமிக்குப் போகும்? தொடுகிற ஆள் வழியாக. அதாவது உங்கள் ஆர்சிசிபி ட்ரிப் ஆக ஒரு குழந்தை கையை வைக்க வேண்டும். அதைத்தான் பிரயோஜனமில்லை என்றேன். புத்தகத்தில் இது எத்தனையாவது பக்கம்?

ஓம்விதி | காலை 8.55

"வேலை செய்யாது" வேறு, "தாமதமாகச் செய்யும்" வேறு. டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள், எர்த் இல்லாமலே ட்ரிப் ஆகும்.

மண்பாதை | காலை 9.30

இடையில் ஒரு கேள்வி. இந்த ட்ரெய்லருக்கு ஆர்டிஓ பதிவு இருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லரும் மோட்டார் வாகனம்தான். ஆழியாறு செக்போஸ்ட்டில் நிறுத்தினால் ஃப்யூஸ் பற்றியா கேட்பார்கள்?

லித்தியம்தாசன் | காலை 9.48

ட்யூபுலரை பெட்டுக்கு அடியில் வைத்து மேலே தூங்குகிறார், அதை ஒருவரும் பேசவில்லை! சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் ஆசிட் சிந்தும். எல்எஃப்பி என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

பேனல்போர்டு | காலை 10.15

பெட் விஷயத்தில் தாசன் சொல்வது சரி. ஆனால் எல்எஃப்பிக்கும் கணக்கு உண்டு. காரின் ஆல்டர்னேட்டரில் நேராகக் கொடுத்தால் அது அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். நடுவில் டிசி டு டிசி சார்ஜர் வேண்டும். ஊட்டியில் உறைபனி விழுகிற ஜனவரி விடியலில், செல் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றவும் கூடாது. 4 ஸ்கொயர் ஒயரோடு எல்எஃப்பி போட்டாலும் ஒயர் அதே சூடுதான்.

எர்த் சண்டையில் இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்தால்தான் முழுசாகிறது. நல்ல எர்த் இல்லாத இடத்தில் சேஸோடு சேர்த்து ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் அடித்தால், அது 100 ஓம் இருக்கிறது என்று வைப்போம். ஃபேஸ் பாடியில் பட்டால் 2.3 ஆம்ப் ஓடும். 10 ஆம்ப் எம்சிபி (லோடு மீறினால் விழும் ஸ்விட்ச்) அதைக் கண்டுகொள்ளாது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி உடனே ட்ரிப் ஆகும். கம்பி மட்டும் போதாது, ஆர்சிசிபி மட்டுமும் போதாது. எம்சிபியும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற டபுள் போலாகப் போடுங்கள். அடாப்டரை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினோம் என்பதில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். இன்வெர்ட்டரில் ஓடும்போது இந்த ஆர்சிசிபியை நம்ப வேண்டாம். பல சின்ன இன்வெர்ட்டர்களின் அவுட்புட்டுக்கும் எர்த்துக்கும் தொடர்பே இருக்காது.

டப்பாவண்டி, செய்ய வேண்டியது இதுதான். பேட்டரியை வெளியே முன்பக்க இழுவைக் கம்பி மேல் காற்றுப் போகிற பெட்டியில் வையுங்கள். ஹைட்ரஜன் மேலே ஏறும், ஓட்டை மேலே இருக்கட்டும். எடை அறுபது கிலோவை ஒட்டி வரும், ஜாக்கிரதை. இன்வெர்ட்டரைப் பின்னாலிருந்து எடுத்து, பேட்டரிச் சுவருக்கு இந்தப் பக்கம் உள்ளே மாட்டுங்கள். அதே பெட்டிக்குள் வேண்டாம், பொறி தட்டும். இடையில் 25 ஸ்கொயர் கேபிள், ஒரு மீட்டருக்குள். கேபிள் முனையில் மாட்டுகிற லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தித் தரச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டித் தந்தால் வாங்காதீர்கள். ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 100 ஆம்ப் ஃப்யூஸ். அது அந்த ஒயரைக் காப்பாற்ற, கெட்டிலை அல்ல. பழைய 4 ஸ்கொயர் சூடான இடத்தில் கலர் மாறியிருக்கும், அதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். லைட்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் புதிதாக 2.5 இழுத்து, தனித்தனியாக 10 ஆம்ப் ப்ளேடு ஃப்யூஸ்.

கரண்ட்டுமாமா | காலை 10.40

இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். கம்பி அடிக்கிற இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள் தம்பி.

ஓம்விதி | காலை 10.52

100 ஓம் என்பது உத்தேசம். பாறை மண்ணில் அதைவிடப் பல மடங்கு வரும்.

மண்பாதை | காலை 11.20

கெட்டில் எதற்கு? ஒரு லிட்டர் கொதிக்க வைக்க அந்த பேட்டரியில் பத்து ஏஎச் வரை போகும். ட்யூபுலரில் பாதிதான் எடுக்கலாம் என்றால் கையில் இருப்பது 75. ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு ஐம்பது தின்னும். காலையில் நாலு பேருக்கு டீ போட்டால் சாயங்காலம் லைட் இல்லை. சின்ன கேஸ் அடுப்பை வெளியே வைத்துக் கொதிக்க வைத்தால் முடிந்தது. ஆர்டிஓ பற்றி இன்னும் பதில் வரவில்லை.

லித்தியம்தாசன் | மதியம் 1.05

எல்எஃப்பி என்றால் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். சும்மா சொல்கிறேன்.

டப்பாவண்டி | திங்கள் இரவு 9.18

போய்விட்டு வந்துவிட்டோம். நேரம் இல்லாததால் இன்வெர்ட்டரை மட்டும் முன்னால் மாற்றினேன், பேட்டரியும் பெட்டிக்குப் போய்விட்டது. கோவை உக்கடத்தில் 25 ஸ்கொயர் வாங்கி லக் அடித்து வாங்கினேன். பழைய ஒயரை உருவிப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பாகி ப்ளைவுட்டோடு ஒட்டியிருந்தது. மனைவியிடம் காட்டவில்லை. இப்போது தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. கெட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

கரண்ட்டுமாமா | திங்கள் இரவு 9.40

சந்தோஷம் தம்பி. எர்த் கம்பி, ஆர்சிசிபி போட்டீர்களா?

பேனல்போர்டு | செவ்வாய் காலை 7.30

ஃப்யூஸ் பற்றி எழுதவே இல்லையே. 100 ஆம்ப் கிடைத்ததா, இல்லை கேரியரில் மறுபடியும் கம்பியா?

மண்பாதை | வியாழன் மாலை 6.15

ஆள் இருக்கிறாரா?