ஹெட் கெஸ்கட் மாற்றியபின் டவுன்ஏஸ் கொதிக்கிறது, மறுபடியும் ஹெட்டைக் கழற்றவேண்டுமா?

நிலாவெளி ஸ்கூல்வான்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2சி டீசல் எஞ்சின் உள்ள டொயோட்டா டவுன்ஏஸ். நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். ஒழுக்கு எதுவும் கண்ணில் படாமலே தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது, காலையில் வெள்ளைப் புகை வேறு. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள புளொக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கெஸ்கட் போய்விட்டது என்று விளங்கியது. கராஜில் கேட்ட கூலியைக் கொடுக்க வசதியில்லை. ஓகஸ்ட் விடுமுறையில் நானும் மச்சானும் வீட்டு வேப்பமரத்தின் கீழ், முன் சீற்றைத் தூக்கிவிட்டு நாமே கழற்றினோம்.

ஹெட்டை டவுனில் ஒரு லேத் கடைக்குக் கொடுத்தேன். வெடிப்பு இருக்கிறதா என்று காற்று அடித்துப் பார்த்து, முகத்தையும் சீவித் தந்தார்கள். பழைய கெஸ்கட்டில் இருந்த அதே வெட்டு அடையாளம் உள்ளதாகத்தான் புதியதையும் வாங்கினேன். போல்ட்டுகளை இரவல் வாங்கிய டோர்க் ரென்ச்சால் மூன்று தரமாக இறுக்கினோம். சூடானதும் திறந்து தண்ணீரை றேடியேற்றர் வழியாக ஓடவிடும் தெர்மோஸ்டாட், பெல்ட் எல்லாம் புதிது.

வீட்டு முற்றத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டால் சூடு காட்டும் முள் பாதிக்குமேல் போகவில்லை. ஆனால் சாம்பல்தீவு தாண்டும்போது சிவப்புக்குக் கிட்டப் போகிறது, பிறகு சட்டென்று பாதிக்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. உப்புவெளியில் நிறுத்திப் பார்த்தேன். மேல் ஓஸில் கை வைக்க முடியவில்லை, கீழ் ஓஸ் வெதுவெதுப்புத்தான். றேடியேற்றருக்குப் பக்கத்தில் உள்ள மிகைத்தண்ணீர்ப் போத்தல் நிறைந்து வழிந்தது. மறுநாள் காலையில் அந்தத் தண்ணீர் றேடியேற்றருக்குத் திரும்பிப் போகவும் இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. பதினொரு பிள்ளைகள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கந்தளாய் லொறி:
தம்பி, இந்தக் கச்சான் காற்றுக்கு எந்த எஞ்சினும் சூடாகத்தான் செய்யும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள். என் பழைய லொறி பல வருடம் அது இல்லாமலே ஓடியது.

பாலையூற்று மெக்கானிக்:
அண்ணன் சொன்னது சில எஞ்சின்களுக்குச் சரிவரலாம். ஆனால் இவர் முதலில் கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அதன் அடிப்பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இன்னொரு சிறிய தட்டு இருந்தால், சூடேறியதும் பைபாஸ் வழியை மூடுவது அந்தத் தட்டுத்தான். அதைக் கழற்றிவிட்டால் பாதிச் சுடுதண்ணீர் றேடியேற்றர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறையாது.

தம்பி, ஹெட்டில் இப்போது கை வைக்க வேண்டாம். மூன்று விஷயம் கேட்கிறேன். கழற்றும்போது எத்தனை லீற்றர் தண்ணீர் இறங்கியது, பூட்டியபின் எத்தனை லீற்றர் உள்ளே போனது? புதிய தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் சிறு ஓட்டையும் அதில் ஆடுகிற ஊசி ஒன்றும் இருக்கும், அது மேலே பார்த்து இருக்கிறதா, கீழே பார்த்தா? இரவு முழுக்க ஆறிய வானில், மூடியைத் திறக்கும் முன் மேல் ஓஸை அமுக்கினால் விறைப்பாக இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா?

முள் சட்டென்று விழுவது நல்ல செய்தி அல்ல. சூடு அறியும் சென்சர் தண்ணீரில் தோய்ந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் முள் இறங்கும், ஹெட் வேகும். இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம், புளொக் இரும்பு. இன்னும் இரண்டு தரம் கொதித்தால் லேத் கடைக்குக் கொடுத்த காசு வீண். ஆகையால் பார்த்து முடிக்கும்வரை ஓட்ட வேண்டாம், பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம்.

நிலாவெளி ஸ்கூல்வான்:
நன்றி அண்ணா. 4 லீற்றர் கேன் இரண்டு நிறைய இறங்கியது. ஊற்றும்போது ஒரு கேனும் அடுத்ததில் கொஞ்சமும்தான் போனது, மேலே வழிந்ததால் நிறைந்துவிட்டது என்று நினைத்தேன். காலையில் ஓஸ் மெத்தென்றுதான் இருந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தேன், ஊசி கீழ்ப்பக்கம். அடியில் நீங்கள் சொன்ன சிறிய தட்டும் இருக்கிறது. ஊற்றியது எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் உவர்.

பாலையூற்று மெக்கானிக்:
ஆறிய ஓஸ் மெத்தென்று இருப்பதால் கெஸ்கட்டை இப்போதைக்குச் சந்தேகிக்க வேண்டாம். கிட்டத்தட்ட இரண்டரை லீற்றர் காற்று உள்ளே நிற்கிறது. அந்த ஊசி ஓட்டை காற்று மேலேறித் தப்புவதற்காகவே இருக்கிறது. கீழே பார்த்துப் பூட்டினால் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் காற்று அடைபடும், சுடுதண்ணீர் அதில் படாது, அது திறக்காது. உங்கள் கீழ் ஓஸ் ஏன் சூடாகவில்லை என்பதற்கு அதுதான் காரணம்.

பூட்டும் முன் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் பாகைக்குக் கிட்ட வரும்போது திறக்கவேண்டும். திறந்தால் ஊசியை மேலே வைத்துப் பூட்டுங்கள். சிலிக்கன் பசையை மெல்லிய கோடாக மட்டும் பூசுங்கள், உள்ளே பிதுங்கினால் அது உடைந்து போய் றேடியேற்றர் குழாய்களை அடைக்கும்.

கிணற்றுத் தண்ணீரை முழுக்க இறக்கிவிடுங்கள். கடற்கரைப் பக்கத்து உவர் அலுமினியத்தைத் தின்னும். பற்றறிக்கு ஊற்றும் தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி போதும். முன் சில்லுகளைப் பலகைமேல் ஏற்றி, ஊற்றும் வாய் எல்லாவற்றையும்விட உயரமாக வரும்படி வையுங்கள். ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி, ஹீற்றரின் மேல் ஓஸைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள்.

பிறகு ஓஸை இறுக்கி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து வாயைப் பாருங்கள். முதல் நிமிடத்திலிருந்தே குமிழி ஓயாமல் வந்து, அக்சிலேற்றரை மிதிக்கக் கூடினால் அது சிலிண்டரிலிருந்து தண்ணீருக்குள் கசியும் காற்று, அப்போதுதான் கெஸ்கட்டைப் பற்றிப் பேசவேண்டும். விட்டுவிட்டு வந்து நின்றுபோனால் அடைபட்ட காற்று. தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் மடக்கென்று இறங்கும், உடனே நிரப்பி மூடுங்கள்.

மூடியும் புதிதாக வாங்குங்கள். போத்தல் தண்ணீர் ஆறியபின் திரும்பாததற்கு மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு ஒட்டிக்கொண்டதும் காரணமாக இருக்கலாம். சூட்டோடு மட்டும் திறக்காதீர்கள். 0.9 பார் மூடிக்குள் தண்ணீர் 118 பாகைக்குக் கிட்டத்தான் கொதிக்கும். திறந்த நொடியில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

கந்தளாய் லொறி:
தட்டு விஷயம் எனக்குத் தெரியாது. என் லொறியிலும் பார்க்கிறேன். தம்பி, நான் சொன்னதைச் செய்யாதீர்கள்.

நிலாவெளி ஸ்கூல்வான்:
நேற்று முழு நாளும் இதுதான் வேலை. சட்டியில் தெர்மோஸ்டாட் ஒழுங்காகத் திறந்தது. ஹீற்றர் ஓஸைத் தளர்த்தியபோது சீறிக்கொண்டு காற்று வந்ததே, நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏறக்குறைய எட்டு லீற்றர் உள்ளே போனது. குமிழி பத்து நிமிடத்தில் நின்றது, அக்சிலேற்றர் மிதித்தாலும் வரவில்லை. கீழ் ஓஸ் சூடானது.

இன்று வெறும் வானில் தம்பலகாமம் வரை போய் வந்தேன். திரும்பும் வழியில் கோணேசர் கோவில் ஏற்றத்திலும் இரண்டாம் கியரில் ஏற்றிப் பார்த்தேன், நல்ல வெயில். முள் பாதிக்குக் கீழே, அசையவில்லை. மச்சான் பக்கத்தில் இருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பாலையூற்று மெக்கானிக்:
சந்தோஷம். நாளை விடிய, ஆறியபின் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு கோப்பை அளவு குறைந்திருந்தால் பயப்படாமல் நிரப்புங்கள், மிச்சக் காற்று வெளியேறியது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று காலையும் அப்படியே பாருங்கள். நாலாம் நாளும் குறைந்தால் எனக்கு எழுதுங்கள், எண்ணெய்க் கோலையும் இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.