நீலகிரி குந்தா அணைகளுக்கு மாணவிகளைக் கூட்டிப் போறவங்களுக்கு

புவியியல் ஆசிரியை, கோவை:
பிப்ரவரி கடைசியில் 38 மாணவிகளோடு இரண்டு நாள் களப்பயணம். அணை வந்ததால் சுற்றுவட்டாரத்தில் என்ன மாறியது என்பதுதான் பாடம். எமரால்டு, அவலாஞ்சி பார்த்தால் போதுமா? கூட்டிப் போனவங்க சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்:
எமரால்டோட திரும்பிடாதீங்க மேடம். எமரால்டும் அவலாஞ்சியும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்த தேக்கம், அங்க தெரியறது தண்ணிப் பரப்பு மட்டும்தான். பாதிப்பைப் பார்க்கணும்னா தண்ணி போற வழியிலேயே கீழ இறங்கணும். சுரங்கம் வழியா முதல் பவர் ஹவுஸ் (60 மெகாவாட்), அடுத்து குந்தா பாலம் அணை, பெகும்பள்ளா தேக்கம், அப்புறம் கெத்தை (175), பரளி (180), கடைசியா பில்லூர் (100) பவர் ஹவுஸ்கள். ஒரே தண்ணி நாலு தடவை மின்சாரம் ஆகுது. நடுவுல ஆத்துக்குப் போக வேண்டியது குழாய்க்குள்ள போயிடுது. அணைக்குக் கீழே ஆறு வெறும் பாறையா கிடக்கும் இடத்துல பிள்ளைகளை நிறுத்திக் காட்டுங்க.

கணக்கும் அங்கேயே போடச் சொல்லுங்க. விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணி 100 மீட்டர் இறங்கினா 981 கிலோவாட். உராய்வு, இயந்திர இழப்பு கழிச்சா சுமார் 850 மிஞ்சும்.

குந்தா பாலத்துல அரை மணி நேரமாவது வேணும். அந்த அணையோட முழுக் கொள்ளளவு மட்டம் 89 அடி. ஆனா அடியில சேறு நிறைஞ்சிருக்கறதால லேசான மழைக்கே மதகு திறக்க வேண்டி வருது. சேறும் குப்பையும் குப்பைத் தடுப்புக் கம்பிகளை அடைக்கும், இயந்திரத்துக்குக் குளிர்நீர் போற குழாயையும் அடைக்கும். அப்புறம் உற்பத்தியை நிறுத்திட்டுத்தான் சுத்தம் பண்ண முடியும்.

நீரியல் ஆய்வு மாணவர்:
சேறு எங்கேர்ந்து வருதுன்னு மேல போய்ப் பார்க்கணும். சரிவுல உருளைக்கிழங்கு, கேரட் பாத்திகளைக் கிளறின உடனே மழை பெய்தா மண் அப்படியே ஓடைக்கு வந்துடும். பாத்தி சரிவுக்குக் குறுக்கே போகுதா, நேர்கீழா இறங்குதான்னு மட்டும் குறிச்சாலே பாதி விஷயம் பிடிபட்டுடும்.

ஓடையில எவ்வளவு தண்ணி போகுதுன்னு அளக்க 10 மீட்டர் நேர்ப்பகுதி போதும். ஆரஞ்சுத் தோலை மிதக்கவிட்டு அஞ்சு தடவை நேரம் எடுங்க. ஓடைக்குக் குறுக்கே அரை மீட்டருக்கு ஒரு தடவை ஆழம் பாருங்க. மேல்மட்ட வேகம் சராசரியை விட அதிகம் என்பதால் 0.85 ஆல் பெருக்கணும், பலரும் இதை விட்டுடுறாங்க. இதைக் கிளை ஓடையில மட்டும் செய்ங்க. பவர் ஹவுசுக்குக் கீழே யாரையும் தண்ணியில இறக்காதீங்க. இயந்திரம் ஓட ஆரம்பிச்சா சில நிமிஷத்துல மட்டம் ஏறிடும். சாயங்கால மின்தேவைக்கு ஓட்டுவாங்க, காலையில எடுத்த அளவை நாள் முழுசுக்கும் எழுதினா தப்பு.

கரைந்த ஆக்சிஜன் பார்க்கிறதா இருந்தா குப்பியில ஒரு குமிழி கூட இருக்கக் கூடாது. ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் அங்கேயே சேர்த்துடணும். ஒரு எச்சரிக்கை: 2000 மீட்டர் உயரத்துல 15 டிகிரி தண்ணியில லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் இருந்தாலே ஏறக்குறைய நிறைவு, அதாவது தண்ணி கரைச்சு வெச்சுக்கக் கூடிய முழு அளவு. கோவையில வெச்சிருக்கிற, சமவெளிக்கான அட்டவணையோட ஒப்பிட்டு "மாசு"ன்னு எழுதிடாதீங்க.

குந்தா வட்டாரக்காரர்:
ஊருக்குள்ள வந்து "அணை நல்லதா கெட்டதா?"ன்னு கேட்டா யாரும் நேரா சொல்ல மாட்டாங்க. "எந்த மாசம் ஓடை நிக்குது? பழைய பாதை எது? மாடு எங்க மேஞ்சது?"ன்னு கேளுங்க, பெரியம்மாக்கள் கை நீட்டிக் காட்டுவாங்க. பிப்ரவரியில தண்ணி இறங்கியிருந்தா பழைய தடம் கூட வெளியே தெரியும். தோடர் மந்துக்கு (தோடர் பழங்குடியினரோட குடியிருப்பு) போனா முதல்ல பெரியவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ளே. கோயில் பக்கம் நெருங்கவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

ஆசிரியை:
திரும்பும்போது கெத்தை, முள்ளி வழியா காரமடைக்கு இறங்கலாமா?

குந்தா வட்டாரக்காரர்:
இறங்கலாம், ஆனா பெரிய பஸ் வேண்டாம். மஞ்சூருக்குக் கீழே 43 கொண்டை ஊசி வளைவு, வழியெல்லாம் யானை. ரெண்டு வேன் எடுத்துக்கிட்டு மதியம் ஒரு மணிக்குள்ள கெத்தையைத் தாண்டிடுங்க. வனத்துறை, மின்வாரியம் ரெண்டு இடத்துலயும் பெயர்ப் பட்டியலோட முன்கூட்டியே எழுத்து அனுமதி வாங்கிடுங்க. தண்ணி பாட்டிலுக்குப் பதிலா ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், மலையில பிளாஸ்டிக்குக்குத் தடை.