புதுப்பிப்பு: ஃப்ரீபிஎஸ்டி கரண்ட் பில்டுக்கு ஒருமுறை பூட்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் கரண்ட் பில்டை (இன்னும் உருவாக்கத்தில் இருக்கிற பதிப்பு) சோதிக்க, இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் புது பூட் சூழல் (பூட்டில் தேர்ந்தெடுக்கக்கூடிய சிஸ்டத்தின் தனி நகல்) உருவாக்கி, அதை மவுண்ட் பண்ணி, அதற்குள்ளேயே நிறுவச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். இடையில் மின்சாரம் போனாலும் ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அரைகுறைச் சூழலை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கோ.

விட்டுப்போனது ஒன்று. பூட் சூழலைத் தேர்ந்தெடுக்கிற பீஈசிடிஎல் ஆக்டிவேட் (bectl activate) கட்டளையோடு சின்ன ‘டி’ (-t) சேருங்கோ. அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் புதுச் சூழல். கெர்னல் பானிக் ஆனால் (சிஸ்டத்தின் மையப்பகுதி செயலிழந்து நின்றால்) அடுத்த பூட்டில் பழையது வரும். திருப்தி என்றால் ‘டி’ இல்லாமல் மறுபடி கொடுங்கோ.

பூலை, அதாவது வட்டுகளின் சேமிப்புத் தொகுப்பை, புது வடிவத்துக்கு மாற்றுகிற இசட்பூல் அப்கிரேட் (zpool upgrade) மட்டும் தயவுசெய்து வேண்டாம். பூல் பூட் சூழலுக்கு வெளியே இருப்பதால் பின்வாங்க வழியில்லை. பழைய லோடருக்கு (பூட்டைத் தொடங்கி வைக்கிற நிரல்) அதை வாசிக்க முடியாமலும் போகலாம். வழமையான நிறுவலில் ஹோமும் (உங்கள் சொந்தக் கோப்புகள்) பூட் சூழலுக்கு வெளியே தனி டேட்டாசெட்தான் (தனிச் சேமிப்புப் பிரிவு), அதற்கு வேறாக ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுங்கோ.