வாளா, வேலியா, படலா? ‘ஃபென்சிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வழங்கிகளின் (சர்வர்களின்) கூட்டமைப்பைப் பற்றிய கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைச் சென்ற வாரம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, “பதிலளிக்காத கணுவை உடனே வாள்வீச்சுக்கு உட்படுத்துக” என்ற வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். (கணு என்பது கூட்டமைப்பிலுள்ள ஒரு கணினி.) ஃபென்சிங் என்ற சொல் அங்கே விளையாட்டு அரங்கிலிருந்து நேராகக் கணினி அறைக்குள் வாளோடு நுழைந்திருந்தது.

ஆங்கிலத்தில் அது ‘டிஃபென்ஸ்’ என்ற சொல்லின் தலையெழுத்து உதிர்ந்து பிறந்தது. ஆகவே உடலைக் காக்கும் வாளுக்கும் நிலத்தைக் காக்கும் வேலிக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. விளையாட்டுக்கு ‘வாள்வீச்சு’ நிலைத்துவிட்டது. அதன் மூன்று வாள் வகைகளுள் ஃபாயில், எப்பே ஆகிய இரண்டிலும் வாள்முனையால் குத்தினால்தான் புள்ளி கிடைக்கும் என்பதால், ‘வீச்சு’ என்பது வெட்டுக்கும் புள்ளி தரும் சேபருக்கே முழுமையாகப் பொருந்துகிறது. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியதும் சேபர்தான். திருட்டுப் பொருளை வாங்கி விற்பவரையும் ஆங்கிலப் பேச்சுவழக்கு ‘ஃபென்ஸ்’ என்றே அழைக்கிறது. காவலைக் குறித்த சொல் களவுக்குத் துணைபோன இந்தக் கதைக்கு, வேலியே பயிரை மேய்ந்தது என்பதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இனிக் கணினிக்கு வருவோம். தொடர்பு அறுந்த இரண்டு கணுக்கள், தாமே தலைமை என்று தனித்தனியே கருதிக்கொண்டு ஒரே வட்டில் எழுதத் தொடங்கினால் தரவு சிதைந்துவிடும். அதனால், பொறுப்பேற்கும் தரப்பு முதலில் மற்றதன் மின்சாரத்தைத் துண்டிக்கிறது, அல்லது வட்டுக்குச் செல்லும் அதன் வழியை மூடுகிறது. அது உறுதியான பிறகே பணியைத் தொடர்கிறது. இதுவே கணினியில் ஃபென்சிங். இதில் ஒரு முறைக்கு ‘ஸ்டோனித்’ என்று பெயர்; ‘மற்றக் கணுவின் தலையில் சுடு’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. அந்தத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் நம் மொழிபெயர்ப்பாளரின் வாள் எவ்வளவோ மேல்!

இதற்கு முன்மொழியப்பட்ட தமிழ்ச்சொற்களுள் ‘வேலியிடல்’ எனக்கு ஒப்புதல் இல்லை. அது பரப்பை வளைப்பதைக் குறிக்கிறது, வரைபடத்தில் ஓர் இடத்தைச் சுற்றி இடும் மெய்நிகர் எல்லையான ஜியோஃபென்ஸுக்கு ‘புவிவேலி’ என்பதில் அது சரியாகப் பொருந்தும். ‘ஒதுக்கிவைத்தல்’ கூடவே கூடாது; ஊர்விலக்கத்தின் கொடுமையைச் சுமந்த தொடரை ஓர் இயந்திரச் செயலுக்குச் சூட்டுவது தகாது.

என் பரிந்துரை ‘படலடைப்பு’. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு விட்டிருக்கும் இடைவெளியில், மூங்கிலும் முள்ளும் சேர்த்துக் கட்டிய படலை மாலையில் என் பாட்டி இழுத்துச் சாத்திப் பனைநாரால் முடிந்துவைப்பார். கட்டறுத்த கன்று வெளியே நிற்கும், கீரைப்பாத்தி தப்பிக்கும். கன்றை யாரும் வெட்டுவதில்லை, வயலைப் புதிதாக வளைப்பதுமில்லை, வழி மட்டுமே அடைபடுகிறது. ‘மூன்றாம் கணுவுக்குப் படலடைக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் இயல்பாக எழுதலாம். கணு சீரானதும் ‘படல் திறக்கப்பட்டது’ என்றும் எழுதலாம்.

யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் வீட்டு வாசலில் நாள்தோறும் திறந்து மூடும் கதவே ‘படலை’ என்பதால், ‘படலடைப்பு’ என்று படிக்கும்போது வழக்கமாக இரவில் வாசலைப் பூட்டுவதுதான் உங்கள் நினைவுக்கு வருமா, அல்லது ஆபத்துக்காக வழியடைப்பது என்ற பொருளும் புலப்படுமா?