புதுப்பிப்பு: மேலூர்ப் பக்கம் கிடைத்த மினுமினுப்புக் கல், தங்கமா?

மேலூர்ப் பக்கம் கிணறு வெட்டிய மண்ணில் கிடைத்த, மஞ்சளாக மின்னும் கல்லின் படத்தைப் போட்டுத் தங்கமா என்று கேட்டிருந்தேனே, முடிவு தெரிந்துவிட்டது. கல்லில் மின்னுவது தங்கம் இல்லை, காக்காப்பொன், அதாவது மைக்கா.

மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகை ஆசாரியிடம் காட்டினேன். "தம்பி, இதை உரைகல்லில் தேய்க்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு ஊசியை எடுத்துக் குத்தினார். தங்கமாக இருந்தால் குழி விழும், உடையாது; அந்தப் பதிவில் பலர் சொன்ன பைரைட் (தங்கம் மாதிரியே மின்னும் இரும்புக் கனிமம்) என்றால் ஊசியே கீறாது, அழுத்தி உடைத்தால் தூள்தான். இதுவோ ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது, வெங்காயத் தோல் மாதிரி. அந்த ஏட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு துணுக்கை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினேன், சட்டென்று புழு மாதிரி நீண்டு உப்பியது! கருப்பு மைக்கா நாள்பட்டு நீர் ஏறி வெர்மிகுலைட் என்ற கனிமமாக மாறும்போது இப்படித்தான் பொன்னிறமாகும், சூடு பட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி ஏடுகளை விலக்கும். (கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், தெறிக்கலாம்.)

அப்புறம், தண்ணீரில் எடை போட்டு அடர்த்தி பார்க்கச் சொன்னவர்களுக்கு: தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 19.3 மடங்கு என்பது சரி, ஆனால் மைக்கா ஒட்டியிருக்கும் இந்தக் கல் முக்கால்வாசி குவார்ட்ஸ் (படிகக்கல்), அதன் அடர்த்தி 2.65 மடங்குதான், துளித் தங்கம் இருந்தாலும் அந்தக் கணக்கில் தெரியாது. திராவகம் ஊற்றச் சொன்னவர்களே, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், விடுங்கள்.