ஜியோகேஷிங்: பெட்டிக்கு அருகில் போனதும் அம்புக்குறி சுழல்கிறது, பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். வழி சொல்லுங்கள்

வடலி (ஸ்காபரோ) கேட்டது:

வணக்கம் உறவுகளே,

நாங்கள் ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் வசிக்கிறோம். மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஆறு. நான் வாரநாட்களில் இரவு வேலைக்குப் போவதால் பிள்ளைகளோடு சேர்ந்திருக்கக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அந்த ஒரு நாளும் ஆளுக்கொரு திரையோடு கழிவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், வேலையிடத்து நண்பர் ஒருவர் சொன்ன ஜியோகேஷிங்கைத் தொடங்கினோம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: யாரோ ஒருவர் பூங்காவிலோ காட்டிலோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் பதிந்துவிடுவார், மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு அதைத் தேடிக் கண்டெடுத்து, உள்ளேயுள்ள குறிப்பேட்டில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவார்கள்.

இதுவரை மூன்று ஞாயிறுகள் போய்வந்தோம். முதல் முறை ஹைலண்ட் கிறீக் ஓடையோரம் தேடினோம். செயலியின் அம்புக்குறி எங்களை மரங்களுக்கிடையே அழைத்துச் சென்று, ஒன்பது மீற்றர் என்று காட்டிய இடத்தில் திடீரென்று பின்பக்கம் திரும்பியது. இரண்டடி நடந்தால் பதினான்கு மீற்றர் என்றது, நின்றால் வட்டமாகச் சுழன்றது. நாற்பது நிமிடம் அதன் பின்னால் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். இரண்டாம் முறை, வேலிக் கம்பியில் காந்தத்தால் ஒட்டியிருந்த, விரல்நுனி அளவேயான ஒன்றைக் கண்டுபிடித்தோம். அதற்குள் சுருட்டிய தாளைத் தவிர வேறொன்றும் இல்லை. பொம்மை இருக்கும் என்று நம்பி வந்த இளையவன் அழுதுவிட்டான்.

மூன்றாம் முறை நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது. அது இரண்டு கட்டங்கள் கொண்ட தேடல். முதல் இடத்திலுள்ள அறிவிப்புப் பலகையில் காணும் எண்களைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் பெட்டி இருக்கும் இடம் விடையாகக் கிடைக்கும். மூத்தவள் தானே செய்கிறேன் என்று கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு புல்தரையில் அமர்ந்து அரைமணி நேரம் கணக்குப் போட்டாள். வடக்கு 43 பாகை 48.900, மேற்கு 79 பாகை 09.600 என்று வந்தது (மற்றவர்களின் தேடலைக் கெடுக்காதிருக்கச் சில இலக்கங்களை மாற்றி எழுதுகிறேன்). நான் அதைக் கைப்பேசியின் வரைபடத்தில் 43.48900, -79.09600 என்று இட்டேன். வரைபடம் ஒன்ராறியோ ஏரியின் நடுவில் புள்ளி வைத்தது. "எங்கேயோ பிழை விட்டிருக்கிறாய்" என்றேன். அவள் மூன்று முறை திரும்பப் போட்டும் அதே விடைதான் வந்தது. வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு போவோமா என்று கேட்டதற்கு, தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள்.

அம்புக்குறி ஏன் இப்படிச் சுழல்கிறது, இதற்கென்று தனி ஜிபிஎஸ் கருவி வாங்கத்தான் வேண்டுமா, நான்கு வயது இடைவெளியுள்ள இருவரையும் ஒரே தேடலில் எப்படி ஈடுபடுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். புதர்களுக்குள் போவதால் உண்ணிக்கடி பற்றியும் மனைவி அஞ்சுகிறார்.

கொன்றை பதில் எழுதியது:

தம்பி, மற்றவற்றையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் மகளிடம் போய் அவருடைய கணக்குச் சரி என்று சொல்லுங்கள். பிழை எண்களை வரைபடத்தில் இட்ட விதத்தில்தான் இருக்கிறது.

ஜியோகேஷிங்கில் இடங்களைப் பாகையும் கலையுமாக எழுதுவார்கள். ஒரு பாகைக்கு 60 கலை. 43 பாகை 48.900 என்பதில் 48.900 என்பது கலைக் கணக்கு. பாகையின் பதின்மப் பகுதி அன்று. நீங்கள் இடையிலிருந்த இடைவெளியை எடுத்துவிட்டு 43.48900 என்று எழுதியபோது, 60இல் 48.9 பங்காக இருந்தது 100இல் 48.9 பங்காக மாறிவிட்டது. சரியான முறை 48.900ஐ 60ஆல் வகுப்பது: 0.815 வரும், ஆகவே 43.815. அதேபோல 9.600ஐ 60ஆல் வகுத்தால் 0.16, ஆகவே -79.160. நீங்கள் இட்ட எண்ணுக்கும் இதற்கும் வடக்குத் தெற்காக 0.326 பாகை வேறுபாடு இருக்கிறது. ஒரு பாகை அகலாங்கு ஏறத்தாழ 111 கிலோமீற்றர் என்பதால், நீங்கள் சுமார் 36 கிலோமீற்றர் தெற்கே போய்விட்டீர்கள். ரொறன்ரோக் கரையிலிருந்து அவ்வளவு தூரம் தெற்கே போனால் ஏரிதான் இருக்கும்.

வகுக்க விருப்பமில்லையென்றால் வரைபடத்தின் தேடற்பெட்டியில் 43 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு 48.900 என்று எழுதினாலும் பெரும்பாலான செயலிகள் புரிந்துகொள்ளும். ஆனால் என் கருத்தைக் கேட்டால், அந்த வகுத்தலை மகளே செய்யட்டும். கலையின் மூன்றாம் பதின்ம இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1.85 மீற்றர் மாறும் என்பதையும் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு, தன் கொப்பியில் உள்ள ஓர் இலக்கம் காட்டில் இரண்டு எட்டுத் தூரம் என்று தெரிவது சிறிய விடயமன்று.

"அப்பாதான் பிழை விட்டேன்" என்று நேரடியாகவே சொல்லுங்கள். கணக்கில் தன்மீது நம்பிக்கை இழந்த பிள்ளையை நானும் வளர்த்திருக்கிறேன், அதனால் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

நெய்தல் பதில் எழுதியது:

வணக்கம் அண்ணா. அம்புக்குறியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். உங்கள் கைப்பேசியின் உறையில் மூடி ஒட்டிக்கொள்ளக் காந்தம் இருக்கிறதா, அல்லது வாகனத்தில் மாட்டுவதற்காகப் பின்புறம் இரும்புத் தகடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உறையைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைக் காற்றில் எட்டு வடிவத்தில் சில முறை சுழற்றித் திசைகாட்டியைச் சீர்செய்யுங்கள். கைப்பேசிக்குள் இருப்பது பூமியின் காந்தப்புலத்தை உணரும் மிக நுண்ணிய உணரி. அருகிலேயே ஒரு காந்தம் இருந்தால் அது எந்தத் திசையையும் சரியாகச் சொல்லாது. அமைப்புகளில் அந்தச் செயலிக்குத் துல்லியமான இருப்பிடத்தைக் காட்ட அனுமதி கொடுத்திருக்கிறீர்களா, பற்றரிச் சேமிப்பு முறை அணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசிப் பத்து மீற்றரில் அம்பு தடுமாறத்தான் செய்யும். இந்த விளையாட்டு பிறந்ததே ஜிபிஎஸ் துல்லியத்தால்தான். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையால் இருப்பிடம் நூறு மீற்றர்வரை பிசகக்கூடியதாக இருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜனாதிபதி கிளின்ரனின் உத்தரவின்படி அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. மே 3ஆம் திகதி டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். அதுவே முதல் பெட்டி. அன்றிலிருந்து கருவிகள் எவ்வளவோ முன்னேறியிருந்தாலும், திறந்தவெளியில் கைப்பேசிக்கு நான்கைந்து மீற்றர் பிசகு இயல்பு; அடர்ந்த மரங்களின் கீழும் ஓடைப் பள்ளத்திலும் செய்மதிச் சமிக்ஞை தெறித்து வருவதால் அது இன்னும் கூடும். ஒளித்துவைத்தவர் அளந்தபோது நேர்ந்த பிசகும் இதனோடு சேரும். ஆகவே 'பூச்சியம் மீற்றர்' என்பதை ஒரு புள்ளியாக எண்ணாமல், பத்து மீற்றர் ஆரமுள்ள வட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். தனிக் கருவி வாங்கினாலும் அந்த வட்டம் சற்றுச் சுருங்குமே தவிர மறைந்துவிடாது; இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

அந்த வட்டத்துக்குள் வந்ததும் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இயற்கை தானாகச் செய்யாத ஒன்றைத் தேட வேண்டும்: விழுந்த மரத்தடியில் ஒழுங்காக அடுக்கிய குச்சிகள், தனியாகக் குவிந்த கற்கள், சீடர் மரக்கிளையின் உட்புறம் தொங்கும் கம்பி, பொந்தின் வாயை மூடிய மரப்பட்டை. நம்மைவிடப் பிள்ளைகளின் கண் நிலத்துக்கு அருகில் இருப்பதால் அவர்கள் இதில் உண்மையாகவே வல்லவர்கள்.

புறப்படும் முன் அந்தப் பெட்டியின் பதிவுகளையும் படியுங்கள். கடைசியாக வந்த மூன்று நான்கு பேர் தொடர்ந்து 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால், பெட்டி அங்கே இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம்.

மாதுளை பதில் எழுதியது:

வணக்கம். நான் மூன்று பிள்ளைகளோடு ஏழு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். முதல் ஓராண்டில் ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளையும் நானே முதலில் கண்டேன், நானே எடுத்தேன். பிள்ளைகள் அருகில் நின்று பார்த்தார்கள். அது தேடலே அன்று என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. கண்டவர் ஒன்றும் சொல்லாமல் மெதுவாக விலகி வந்து ஒரு கல்லிலோ கட்டையிலோ அமர்ந்துவிட வேண்டும். மற்றவர்கள் கண்டு வந்து அமரும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியாகக் காண்பவரே பெட்டியைத் திறப்பார். பெரும்பாலும் அது கடைக்குட்டியாகவே இருப்பதால், ஒருவர் முந்திவிட்டார் என்ற அழுகை எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

உங்கள் இளையவனின் ஏமாற்றத்துக்குக் காரணம் பெட்டியின் அளவு. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என்று 1 முதல் 5 வரை இரண்டு எண்களும், அதனோடு அளவும் குறித்திருப்பார்கள். மிகச்சிறியது என்று இருந்தால் அதில் தாள் மட்டுமே இருக்கும். இரண்டு எண்களும் ஒன்றரைக்கு மேற்படாத, சிறியது அல்லது நடுத்தரம் என்ற அளவுள்ள, அண்மையில் யாராவது கண்டெடுத்த பெட்டிகளையே ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிவுசெய்யுங்கள். அவற்றில் பரிமாற்றப் பொருட்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான அல்லது மேலான ஒன்றை வைக்க வேண்டும் என்பது முறை. உணவுப்பொருளும் கத்தியும் ஒருபோதும் வைக்கக் கூடாது. மகன் வைக்கப்போகும் பொருளை முதல் நாள் இரவே அவனையே தெரிவுசெய்யச் சொல்லுங்கள். எடுப்பதைவிடக் கொடுப்பதை எண்ணிக்கொண்டு வருவான். என் மகன் ஒரு முறை தன் மிக விருப்பமான சிறு வாகனத்தை வைத்துவிட்டு, அடுத்து வந்தவர் அதைப் பற்றி இணையப் பதிவில் எழுதியிருந்த இரண்டு வரிகளை வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தான்.

உண்ணி பற்றி மனைவி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. றூஜ் பூங்காவை உள்ளடக்கிய கிழக்கு ரொறன்ரோவில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் உண்டு. வெப்பநிலை நான்கு பாகைக்கு மேல் இருந்தாலே அவை நடமாடும். வெளிர்நிற நீளக் காற்சட்டை அணிவித்து, அதன் அடியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பூச்சிவிரட்டி பூசுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆடைகளை உலர்த்தியில் உயர்ந்த வெப்பத்தில் பத்து நிமிடம் போடுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெய் பூசுவதும் சூடு வைப்பதும் வேண்டாம். நுனி கூர்மையான சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால், அன்றே பார்ப்பதுதான் பெரிய பாதுகாப்பு. ஐயம் இருந்தால் மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ அன்றைக்கே கேளுங்கள். மூன்று மூன்று இலைகளாக இருக்கும், தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பொய்சன் ஐவிச் செடியையும் பிள்ளைகளுக்குப் படத்தில் காட்டி வையுங்கள்.

வடலி மீண்டும் எழுதியது:

அக்காமாருக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. கைப்பேசி உறையின் மூடியில் காந்தம் இருந்தது. கழற்றியதும் சுழற்சி நின்றுவிட்டது. ஓடையோரப் பெட்டியின் பதிவுகளில் எனக்கு முன் நான்கு பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். நானும் அவ்வாறே பதிந்தேன். வசந்தகால வெள்ளத்தில் அது போயிருக்கலாம் என்று வைத்தவர் பதில் எழுதினார்.

மகளிடம் அன்றிரவே பேசினேன். பிழை என்னுடையது, உன் கணக்கு முதலிலிருந்தே சரி என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. கொப்பியை எடுத்து வந்து 60ஆல் தானே வகுத்தாள். புள்ளி ஏரியிலிருந்து பூங்காவுக்குள் வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, "மூன்று தரம் போட்டேனே அப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

நேற்று நால்வருமாகப் போனோம். வழி முழுவதும் அவளே கைப்பேசியைப் பிடித்து நடத்தினாள்; வட்டத்துக்குள் வந்ததும் அதை என்னிடம் தந்துவிட்டாள். விழுந்த மரத்தடியில் குச்சிகள் அடுக்கியிருந்ததை முதலில் கண்டவள், விலகி வந்து ஒரு கட்டையில் அமர்ந்து, தம்பி காணும்வரை பன்னிரண்டு நிமிடம் வாய் திறக்காமல் இருந்தாள். அவன் திறந்தான், அவள் பெயர்களை எழுதினாள். இப்போது இருவரும் சொந்தமாக ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு என்ன நடைமுறை?

கொன்றை பதில் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி தம்பி. வேறொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். றூஜ் தேசியப் பூங்கா என்பதால் அதன் எல்லைக்குள் வைப்பதற்குப் பார்க்ஸ் கனடாவிடம் அனுமதி பெறுங்கள். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. அடிக்கடி போய்ப் பார்த்துப் பராமரிக்கக்கூடிய தூரத்தில் வையுங்கள், வெள்ளம் ஏறும் ஓடைக்கரையைத் தவிருங்கள். இருப்பிடத்தை இரண்டு வேறு நாட்களில் பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். குறிப்பேட்டோடு பேனையை வைக்காமல் பென்சிலை வையுங்கள், இங்குள்ள பனிக்காலத்தில் மை உறைந்துவிடும்.